துப்பறியும் பூனையும் ராத்தாவின் கேள்வியும்

துப்பறியும் கதை என்றாலே முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். இரயில் பயணத்தில் படித்துவிட்டு, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுச் செல்லத் தக்கது அது என்பது அவர்தம் கருத்து. நெடுங்காலம் நானும் அந்த அணியிலேயே நின்றேன். என் மூத்த ராத்தாவுக்குக் கண்பார்வை மங்கிய பின்னரே அவ்வெண்ணம் மாறியது. இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் அவர்களுக்கு ஏதேனும் ஒரு நூலைப் படித்துத் தமிழில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். கனத்த நூல்கள் உறக்கத்தைத் தந்தன. பூனை துப்புத் துலக்கும் கதையோ வீட்டுப் பிள்ளைகளையும் கட்டிலருகே கொண்டுவந்து அமர்த்தியது.

அவ்வாறு ஒரு கதை முடிந்த இரவு. குற்றவாளி இன்னார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கைகொட்டினர். ராத்தா மட்டும் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி. மௌத்தாப்போன அந்த மனுசனுக்காக யாரு அழுதாங்க?" என்று கேட்டார்கள். நூலைப் புரட்டிப் பார்த்தேன். ஒருவரும் அழவில்லை. தேநீர் அருந்தினார்கள், ஊகங்கள் செய்தார்கள், பூனைக்கு மீன் வைத்தார்கள். இறந்தவனை நினைத்து ஒரு துளிக் கண்ணீர் சிந்துவார் அக்கதையில் இல்லை. அந்தக் கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு இவ்வகைக் கதைகளுள் சிலவற்றை மதிப்பிட முயல்கின்றேன்.

ஆங்கிலத்தில் இவற்றைக் 'கோஸி மிஸ்டரி' என்பர். 'இதமான மர்மக்கதை' என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிற்றூர். அங்கே ஒரு கொலை. அது திரைமறைவில் நிகழும். குருதிக்கும் ஆபாசத்துக்கும் பக்கங்களில் இடமில்லை. துப்புத் துலக்குபவர் பெரும்பாலும் காவல்துறையினர் அல்லர். மணமாகாத மூதாட்டி, பத்திரிகையாளர், கடை நடத்தும் பெண்மணி எனச் சற்றே விசித்திரமான பழக்கமுடைய எளியவர். பக்கத்தில் பலவேளை ஒரு பிராணியும் இருக்கும். இறுதியில் உண்மை வெளிப்பட, ஊர் பழைய அமைதிக்குத் திரும்பும். குடும்பத்தார் கூடியிருந்து கூச்சமின்றிக் கேட்கத் தக்க கதைகள் இவை.

பிராணிக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காணாமற்போன ஒட்டகத்தை நேரில் காணாமலே, அதற்கு ஒரு கண் இல்லை, ஒரு கால் நொண்டி என்று தடயங்களைக் கொண்டே கூறி, அதனாலேயே திருடர் என்று ஐயுறப்பட்டவர்களின் கதையை நம்முள் பலர் இளமையில் கேட்டிருப்போம். தமிழில் அது அலகேச கதையில் இடம்பெற்றுள்ளது. பாரசீகத்தில் அமீர் குஸ்ரோ தம் 'ஹஷ்த் பிஹிஷ்த்' காவியத்தில் அதனைச் செரந்தீப் இளவரசர் மூவர் மீது ஏற்றிப் பாடினார். செரந்தீப் என்பது இலங்கையின் பழம்பெயர். பிரெஞ்சு அறிஞர் வால்டேர் 1747இல் 'ஜாதிக்' என்னும் தம் கதையில் ஒட்டகத்தின் இடத்தில் நாயையும் குதிரையையும் வைத்து அந்த உத்தியைக் கையாண்டார். மேய்ந்த புல்லையும் பதிந்த குளம்படியையும் ஒருவன் பொறுமையுடன் நோக்கியதே துப்பறியும் கலையின் வித்து எனலாம்.

நவீன காலத்தில் பிராணி வேறொரு கோலம் பூண்டது. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய பாரிஸ் நகரக் கொலைக் கதையில் குற்றவாளியே ஒரு உராங்குட்டான் குரங்குதான். கானன் டாயில் 1892இல் வெளியிட்ட ஒரு கதையில் நச்சுப் பாம்பு கொலைக் கருவியாகிறது. அதே ஆண்டு வெளிவந்த 'சில்வர் பிளேஸ்' கதையிலோ, இரவில் குரைக்காதிருந்த நாய் தன் மௌனத்தாலேயே சாட்சி சொல்லிவிடுகிறது. கொலையாளி, கருவி, சாட்சி என்னும் இப்படிகளைக் கடந்து, பிராணி துப்பறிபவரின் தோழனாக அமர்ந்த இடமே இதமான மர்மக்கதை.

இக்கதைகளின் தாயகம் அகதா கிறிஸ்டி படைத்த செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூர். மிஸ் மார்ப்பிள் முதலில் 1927இல் ஒரு சிறுகதையிலும், பின்னர் 1930இல் ஒரு நாவலிலும் தோன்றினார். கையில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும், வாயில் ஊர்க்கதை. மணமாகாத அம்மூதாட்டியின் எதிரில் எவரும் நாவடக்குவதில்லை; அவரை ஒரு பொருட்டாகக் கருதினால்தானே அடக்குவதற்கு! 1950இல் வெளிவந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலில், பாதிரியார் இல்லத்துப் பூனையின் குறும்பினால் ஒரு மின்விளக்கு அணைய, கொலை நடந்த இரவில் விளக்குகள் அணைந்த விதம் மார்ப்பிளுக்குப் புலனாகிறது. ஊர் பொருட்படுத்தாத மூதாட்டி, எவரும் பொருட்படுத்தாத பூனையைப் பொருட்படுத்துகிறார். இவ்வகைக் கதைகளின் அறம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது.

ராத்தாவின் கேள்விக்கு மார்ப்பிளிடம் விடை உண்டா? 1953இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலில் உண்டு. செல்வர் வீட்டில் அடுத்தடுத்து மரணங்கள். ஊரெல்லாம் செல்வரைப் பற்றிப் பேச, மார்ப்பிள் வந்து சேர்வதோ கிளாடிஸ் என்னும் பணிப்பெண்ணுக்காக. அநாதை இல்லத்திலிருந்து வந்து தம்மிடம் வேலை பழகிய பேதைப் பெண்ணைக் கொன்றதோடு நில்லாமல், அவள் சடலத்தையும் ஒருவன் இழிவுபடுத்திவிட்டான் என்ற சினமே அவரைப் பயணம் செய்ய வைக்கிறது. கதை முடிவில் அவர் கண் கலங்குகிறது. கிறிஸ்டியின் கதைகளை வெறும் விடுகதை என்பார் இந்நூலைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

பூனையைத் துப்பறிபவராகவே உயர்த்திப் புகழ்பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஜாக்சன் பிரான். அவர் அன்புடன் வளர்த்த சயாமியப் பூனை அடுக்குமாடிச் சன்னலிலிருந்து விழுந்து இறந்தது. எவரோ தள்ளிவிட்டதாக எழுந்த ஐயமும் துயரமும் அவரை ஒரு சிறுகதை எழுத வைத்தன. அது 1962இல் வெளியாயிற்று. 1966இல் முதல் நாவல். மூன்று நாவல்களுக்குப் பின் பதினெட்டு ஆண்டு இடைவெளி. 1986இல் மீண்டும் தொடங்கி 2007 வரை வரிசை நீண்டது. குவில்லரன் என்னும் பெருமீசைப் பத்திரிகையாளரும், கோக்கோ, யம்யம் என்னும் இரு சயாமியப் பூனைகளும் அதன் நாயகர்கள். கோக்கோ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும்; அதன் தலைப்பில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கும். பூனைக்கு உண்மையிலேயே தெரியுமா, தற்செயலா என்பதை ஆசிரியர் சொல்லமாட்டார். அந்த மௌனம் அழகியது.

ஆயினும் குறையைக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. பிற்கால நூல்களில் கோக்கோ தள்ளும் புத்தகங்கள் மிகுந்து, மனிதர் சிந்திப்பது குறைந்துவிடுகிறது. துப்பறியும் கதையில் வாசகனுக்கும் ஆசிரியருக்கும் ஓர் உடன்படிக்கை உண்டு: துலக்கத் தேவையான யாவும் வாசகன் கண்முன் வைக்கப்படும் என்பதே அது. பூனையின் மீசைத் துடிப்பில் விடையை மறைத்துவைத்தால் அவ்வுடன்படிக்கை முறிகிறது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒரு பூனையின் சாவுக்காகக் கலங்கிய உள்ளத்தில் பிறந்தது இவ்வரிசை. அதே வரிசையில் மனிதரின் மரணம் போகப்போக ஊர்ச் செய்தியாகத் தேய்ந்துவிட்டது. ராத்தா கேட்டது இங்கேதான் சுடுகிறது.

கொலையின்றியும் இவ்வகைக் கதை இயலும் என்று காட்டியவர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித். 1998இல் வெளியான அவரது நாவலில், போட்ஸ்வானா நாட்டுப் பெண்மணி பிரெஷியஸ் ரமோட்ஸ்வே, தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்றுத் துப்பறியும் நிலையம் ஒன்றை நிறுவுகிறார். கணவனைக் காணாத பெண் ஒருத்தி வருகிறாள். அவன் வேறொருத்தியுடன் ஓடிவிட்டான் என்பது அவளது ஐயம். அவனோ ஆற்றில் ஞானஸ்நானம் பெறச் சென்றவன். ரமோட்ஸ்வே ஆற்றங்கரையில் காத்திருந்து முதலையைச் சுட்டு, அதன் வயிற்றிலிருந்து அவனது கைக்கடிகாரத்தை எடுத்துவந்து மனைவியிடம் தருகிறார். குற்றவாளியைப் பிடிப்பது இங்கே நோக்கமன்று. இறந்தவன்மீது இருந்த பழி நீங்குகிறது; உயிரோடிருப்பவளின் மனத்தில் இருந்த முள்ளும் அகல்கிறது.

ஜெர்மன் எழுத்தாளர் லியோனி ஸ்வான் 2005இல் வெளியிட்ட 'கிளென்கில்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அயர்லாந்தின் கடற்கரைச் சிற்றூரில் ஜார்ஜ் என்னும் இடையர் மண்வெட்டி பாய்ந்து இறந்துகிடக்கிறார். கொலையாளியைத் தேடப் புறப்படுவோர் அவர் மேய்த்த ஆடுகளே! மந்தையில் மிகுந்த அறிவுடைய ஆட்டின் பெயர் மிஸ் மேப்பிள். ஜார்ஜ் அந்த ஆடுகளுக்கு நாள்தோறும் கதை படித்துக் காட்டியவர். ஒரு துப்பறியும் கதையை மட்டும் பாதியிலே எறிந்துவிட்டதால், அதன் முடிவு ஆடுகளுக்குத் தெரியாது. மனிதரின் பேச்சை அவை கேட்கும்; பொருளைப் பிறழ உணரும். பாதிரியாரின் பெயரே 'கடவுள்' என்று அவை எண்ணிக்கொள்ளும் இடத்தில் சிரிப்பை அடக்க இயலாது. ஆனால் சிரிப்பினூடே ஒரு கனம் இருக்கிறது. தங்களைக் காத்தவருக்கு நீதி வேண்டும் என்று உறுதிபூண்ட அந்த மந்தை, அவரை மறவாதிருப்பதையே கடமையாகக் கொள்கிறது. தடயமாகவும் கொலையாளியாகவும் நம் கதைகளில் நுழைந்த பிராணி, இங்கே துக்கம் காக்கும் உறவாகிவிட்டது.

இறுதியாக, வசீம் கான். இலண்டனில் பிறந்து, பத்தாண்டுக் காலம் மும்பையில் பணியாற்றிய இவர், 2023இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைவரானார். வெள்ளையரல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது 1953இல் தொடங்கிய அச்சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதன்முறை. 2015இல் வெளிவந்த அவரது முதல் நாவலில், இதய நோயால் ஓய்வு பெறும் மும்பைக் காவல் ஆய்வாளர் சோப்ராவுக்கு மாமா ஒரு குட்டி யானையை அனுப்பிவைக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் யானை! நகைச்சுவைக்குக் குறைவில்லை. நெரிசல் மிக்க நகரில் அந்த யானை சோப்ராவுடன் துப்பறியச் செல்லும் சில இடங்கள் நம்பத் தக்கனவாக இல்லை என்பதும் மெய். எனினும், சோப்ராவின் பணியின் கடைசி நாளில் ஓர் ஏழைத் தாய் காவல் நிலையத்தில் நின்று கதறுகிறாள். தன் மகனின் சாவை எவரும் விசாரிக்கமாட்டார்கள், ஏனெனில் நாங்கள் ஏழைகள் என்பது அவள் முறையீடு. பணியிலிருந்து விலகிய பின்னும் சோப்ராவை உறங்கவிடாமல் தெருவில் இறக்குவது அந்தக் கதறல். உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்கும் யானைக்குட்டியும், நாதியற்ற அந்தத் தாயும் ஒரே மனிதரின் பொறுப்பில் வந்து சேர்கின்றனர்.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவில் ராத்தா கேள்வி எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு எங்கே நிறுத்தினோம்னு அடையாளம் வச்சுக்க தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

இவ்வகைக் கதைகளால் நாம் பெறும் இன்பம் எத்தகையது என்பது இப்போது தெளிவாகிறது. உலகம் சீர்குலைந்து மீண்டும் சீராவதைக் காணும் நிம்மதி அது. அதில் பிழையில்லை, நாள்முழுதும் உழைத்த உள்ளத்துக்கு அது மருந்து. ஆயின் மரணத்தை வெறும் புதிராக்கி, இறந்தவனை முதல் அத்தியாயத்திலேயே மறந்துவிடும் கதை, நம் மனத்தையும் சிறிது மரக்கச் செய்கிறது. புறக்கணிக்கப்பட்டவரைக் கூர்ந்து நோக்கும் கதையோ, பணிப்பெண்ணாயினும் ஆட்டுமந்தையாயினும், நம் கண்ணைத் திறக்கிறது. பூனை இருப்பதாலோ யானை இருப்பதாலோ ஒரு நூல் இதமாகிவிடாது. வாயற்ற அவ்வுயிரை நோக்கும் கருணை, இறந்த மனிதனையும் சென்றடைய வேண்டும்.

இந்நூல்களைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோர்க்கு என் விடை இது: தாராளமாகக் கொடுங்கள். குற்றவாளி யார் என்று அவர்கள் சொல்லி முடித்ததும், ராத்தாவின் கேள்வியையும் ஒருமுறை கேளுங்கள்.