வேண்டி விண்ணப்பம்

1998-இல் என் முதல் வேலை விண்ணப்பத்தை எங்கள் ஊர் டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கினேன். ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கல்வித் தகுதிக்குக் கீழே ‘உயரம்: 5 அடி 2 அங்குலம், நிறம்: மாநிறம்’ என்று இருந்தது. போன மாதம்தான் அப்பா ஜாதகத்தோடு கொடுப்பதற்காக என் பயோடேட்டாவை அங்கே அடித்திருந்தார். சென்டர்க்கார அண்ணன் ராசி, நட்சத்திரத்தை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே எடுத்துவிட்டார். திருப்பிக் கொண்டுபோனபோது, “ரெண்டுக்கும் பேரு பயோடேட்டாதானேம்மா?” என்றார். நான் கோபப்பட்டேன். இப்போது யோசித்தால், அந்த வடிவத்தைப் பற்றி என்னிடம் யாரும் சொன்ன சரியான விமர்சனம் அதுதான்.

இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் இறுதியாண்டு மாணவிகள் தங்கள் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கவிதையை, கதையை வாசிப்பதுபோலத்தான் அவற்றையும் வாசிக்கிறேன். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்?

பேசுவது பெரும்பாலும் அவர்கள் இல்லை. இந்த ஆண்டு வந்த நாற்பதில் முப்பதுக்கு மேல் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. சவால் நிறைந்த பணியில் சேர்ந்து, திறமையை வெளிப்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவார்களாம். எந்த நிறுவனம், என்ன பணி என்ற கேள்வியே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயரை மட்டும் மாற்றி அடிப்பதுபோல.

இந்தக் குரலைப் பள்ளியிலேயே பழக்கிவிடுகிறோம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. பிறகு ‘பொருள்: வேலை வேண்டி விண்ணப்பம்’. காய்ச்சலுக்கு விடுப்பு கேட்கவும், தெருவிளக்கு கேட்டு நகராட்சிக்கு எழுதவும், வேலை கேட்கவும் ஒரே அச்சு. பெறுநர் எப்போதும் ஐயா. எழுதுகிறவள் எப்போதும் வேண்டுகிறவள். வேலைக்கான கடிதம் மனு இல்லை. உனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது, எனக்கு அது செய்யத் தெரியும் என்று இரண்டு பேர் பேசிக்கொள்வது. ‘பணிவன்புடன்’ என்று போட்டால் குறைந்துவிட மாட்டோம். ஆனால் கடிதம் முழுக்கப் பணிவாக இருந்தால், படிக்கிறவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

வினைச்சொற்களைப் பாருங்கள். உதவினேன், உடனிருந்தேன், பங்கேற்றேன், வாய்ப்புக் கிடைத்தது. ஒரு மாணவி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலைக்கு எழுதியிருந்தாள். பொழுதுபோக்கு என்ற இடத்தில், ‘கோலம் போடுதல், பாட்டுக் கேட்டல், அம்மாவின் குழு வேலைகளில் உதவுதல்’.

“குழுவில் என்னம்மா உதவினே?”

“ஒண்ணுமில்ல மேம். நோட்டு எழுதுவேன்.”

தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பதினைந்து பேர் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழு. மூன்று ஆண்டுகளாகத் தீர்மானப் பதிவேடு, ரொக்கப் பேரேடு, சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் இவள் கையெழுத்து. யார் எத்தனை தவணை கட்டினார்கள், வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று மாதந்தோறும் கூட்டத்தில் வாசிப்பாள். வங்கிக்குப் போகும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போவாள். கோலத்துக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் இதை ஒளித்து வைத்திருந்தாள். ‘அம்மாவின் வேலையில் உதவி’ என்று ஆனதும், செய்தவளுக்கே அது வேலையாகத் தெரியவில்லை.

மாற்றி எழுதினோம். ‘15 உறுப்பினர்கள் கொண்ட சுயஉதவிக் குழுவின் வரவு செலவு, சேமிப்பு, கடன் கணக்குகளை மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறேன். மாதந்தோறும் இருப்பைச் சரிபார்த்துக் கூட்டத்தில் அறிக்கை வைக்கிறேன்.’ இரண்டே வாக்கியம். இது முதல் பத்திக்குப் போயிற்று, பி.காம். மதிப்பெண்ணுக்கும் முன்னால். “பெருமையடிக்கிற மாதிரி இருக்கு மேம்” என்றாள். இதில் எது பொய் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, திருத்தவும் சொல்லவில்லை.

இடையில் ஒன்று. வீட்டு வேலையை நிர்வாக மொழியில் எழுதச் சொல்லும் ஒரு யோசனை சுற்றி வருகிறது. சமைத்தவள் ‘வள மேலாண்மை’ செய்தவள், குழந்தை வளர்த்தவள் ‘பல்பணித் திறன்’ உள்ளவள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டு வேலை வேலைதான்; அதற்கு வேறு பெயர் சூட்டினால்தான் மதிப்பு என்பது அதை இன்னொரு முறை தாழ்த்துவது. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேலை தேடிய என் பழைய மாணவி, அந்த ஆண்டுகளுக்காக ஒரு பத்தி மன்னிப்பு எழுதியிருந்தாள். ‘குழந்தைப் பராமரிப்பு, 2015–2021’ என்று ஒரே வரி போடச் சொன்னேன். அடுத்த வரியில் அவள் முன்பு பார்த்த வேலை, இப்போது படித்து முடித்த டேலி. மறைக்கவும் வேண்டாம், அலங்கரிக்கவும் வேண்டாம்.

நல்ல விண்ணப்பத்துக்கு உதாரணம் கேட்டால் ஒரு தபால் அட்டையைச் சொல்வேன். 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்னி, பின்னாளில் சுதா மூர்த்தி, டெல்கோவின் வேலை விளம்பரத்தைப் பார்த்தார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே அட்டை போட்டார். அந்த அட்டையில் கெஞ்சல் இல்லை. தொழிலிலும் கல்வியிலும் டாட்டாக்கள் முன்னோடிகள், நான் படிக்கும் நிறுவனமே உங்கள் முயற்சியில் வந்தது, அப்படிப்பட்டவர்களின் கம்பெனி ஆண் பெண் பார்ப்பதா என்று கேட்டார். நேர்முகத்துக்குப் புனேவுக்கு அழைத்தார்கள், வேலையும் கிடைத்தது. அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதன் சொல்லை வைத்தே அதனிடம் பேசுவதுதான் அந்த அட்டையின் பலம். இதைத் தனிப்பட்ட துணிச்சலின் கதையாக மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்காது. அவரிடம் அந்தப் படிப்பு இருந்தது, அந்தக் கல்வி நிறுவனத்தின் பெயர் இருந்தது. எங்கள் பெண்களிடம் குழு நோட்டு இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, முகவரி. கணக்கு எழுதுகிற அந்தப் பெண் கடைசியாகத் தயங்கிக் கேட்டாள். “மேம், காலனின்னு போடணுமா?” தமிழ்நாட்டில் அந்தச் சொல் என்ன சொல்லிவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் படித்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. அது என் சாதியின் வசதி. விண்ணப்பிக்கும்போது கம்பெனிக்குத் தேவை ஊரும், போன் நம்பரும், மின்னஞ்சலும்தான். தெருவை எடுத்தோம். அதோடு அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனதா என்பதையும் எடுத்தோம். பாதிப் பக்கம் காலியானது. குழு கணக்குக்கு இடம் கிடைத்தது.

எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. படிவம் அவர்கள் அச்சடிப்பது. நீரா மாத்தூர் என்பவர் எல்.ஐ.சி.யில் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மகப்பேறு விடுப்பு எடுத்ததும், தவறான தகவல் தந்ததாகச் சொல்லி, தகுதிகாண் காலத்திலேயே வேலையிலிருந்து எடுத்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளை நீக்கவும் சொன்னது. ஒரு படிவத்தை இப்படி வாசித்த தீர்ப்பு எந்தப் பாடப்புத்தகத்தின் விண்ணப்பப் பாடத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டியது.

அந்தப் பெண்ணை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்று காலை பத்தரைக்கு வரவேற்பறையிலிருந்து போன் செய்தாள். குரலைத் தாழ்த்தி, “மேம், இங்க ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. தந்தை பெயர், கணவர் பெயர் இருக்கு. அதுக்குக் கீழ, ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ற உத்தேசம் இருக்கான்னு போட்டிருக்கு. என்ன எழுத?”

“கோடு போடு” என்றேன்.

“கேட்டா?”

“கணக்கைப் பத்திக் கேளுங்க சார்னு சொல்லு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேனா மூடியைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது. “சரி மேம், கூப்பிடுறாங்க” என்று வைத்துவிட்டாள். கோடு போட்டாளா, ‘இல்லை’ என்று எழுதினாளா என்று நான் பிறகு கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேர்ந்தாள்.