பதினாறு இலட்சத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கு

16,00,984. இந்த எண்ணைச் சொல்லும்போதே எனக்கு வாய் இனிக்கிறது.

கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் எங்கள் வீட்டு விறாந்தையில் எந்நாளும் ஆணியில் தொங்கும். மருத்துநீர் வைக்கிற நேரம், நல்ல நாள், கரிநாள் எல்லாம் அதில்தான். நிலா நிற்கும் இடத்தை வாக்கியக்காரர் எப்படிக் கண்டார்கள் என்று தேடப் போய்த்தான் இந்த எண் என் கையில் அகப்பட்டது. அதற்குப் பேர் 'வேதம்'.

கலியுகம் பிறந்த நாளிலிருந்து எண்ணினால் 16,00,984ஆம் நாள், 1282 மே 22. கணக்குப்படி அன்று விடியும்போது நிலா பூமியிலிருந்து ஆகத் தொலைவில், ஆக மெதுவான நடையில் இருந்தது. அங்கிருந்து தொடங்கினால் வேலை சுளுவு. 1825இல் 'காலசங்கலித' எழுதிய ஜோன் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோகி பரப்பி இந்த எண்ணைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததை நேரில் கண்டிருக்கிறார். தாளில்லை, பேனையில்லை!

நானும் சோகி பரப்பினேன். ஒவ்வோர் இலக்கத்துக்கும் அத்தனை சோகி என்று வேதத்தை வைக்க 28 சோகி போதும். நடுவில் இரண்டு இடம் வெறுமை.

2025 தைப்பொங்கலை எடுத்துக்கொண்டேன். ஜனவரி 14, கலி நாள் 18,72,224. வேதத்தைக் கழிக்க 2,71,240. வாக்கிய முறைப்படி அதை 12,372ஆல் வகுக்க மிச்சம் 11,428. அதை 3,031ஆல் வகுக்க 2,335. அதை 248ஆல் வகுக்க 103. நிலாவின் இடத்தை நாளுக்கொன்றாகச் சொல்லும் மனப்பாடமான 248 வாக்கியங்களில் 103ஆவதைச் சொல்லி, ஈவுகளுக்குரிய திருத்தங்களைக் கூட்டினால் நிலா நிற்கும் இடம் வந்துவிடும். பதினெட்டு இலட்சம் நாள் 103ஆக ஒடுங்கியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

சரிதானா? நிலா ஏறத்தாழ 27.55 நாளுக்கொருமுறை அந்தத் தொலைவிடத்துக்குத் திரும்பும். 103 என்றால் மூன்று சுற்று முடிந்து மேலே இருபது நாளும் சொச்சமும். பொங்கல் விடியலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 24. இக்கால வானியல் அட்டவணையைப் பார்த்தேன்: அந்தப் பொங்கலுக்கு முன் நிலா கடைசியாக அங்கே போனது 2024 டிசம்பர் 24. ஐயோ, என்ன துல்லியம்! எழுநூற்று நாற்பது வருசத்துக்குப் பிறகும் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

வகுக்கும் எண்களும் இலேசுப்பட்டவை அல்ல. 3,031 நாளில் நிலா அந்த இடத்துக்கு 110 முறை திரும்புகிறது. வித்தியாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 3,031ஐ நாலால் பெருக்கி 248ஐக் கூட்டுங்கள், 12,372 வந்து நிற்கும். 248க்குப் பேர் 'தேவரம்'. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2. கடைசியிலிருந்து வாசித்தால் 248. பேரே எண்!

பிறகு வேதத்தைக் காரணிகளாக உடைத்தேன். 8 × 7 × 11 × 23 × 113. அந்த ஏழைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. ஏழால் மிச்சமில்லாமல் பிரிவதால் 1282 மே 22உம் வெள்ளி. வேதத்தை எந்த நாளிலிருந்து கழித்தாலும் கிழமை குலையாது. 2,71,240ஐ ஏழால் வகுத்துப் பார்த்தேன். மிச்சம் 4. வெள்ளியிலிருந்து நாலு தள்ளினால் செவ்வாய். ஓடிப்போய்ப் பழைய கலண்டரைப் புரட்டினேன். அந்தப் பொங்கல் செவ்வாய்க்கிழமைதான்.