கலித்தொகையிற் கூனும் குறளும்

மருதக்கலியுள் 94ஆம் பாட்டு, அரண்மனை ஏவலராகிய கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் எதிர்ப்பட்டு உரையாடுவதாக அமைந்தது. இதனை நகைச்சுவைக்கு மேற்கோள் காட்டுதல் வழக்கு. தொல்காப்பியர் நகையின் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தமை இதற்கு அரண் என்பர்.

இருவரும் ஒருவர் வடிவை மற்றவர் இழித்துரைத்தல் மெய்யே. ஆயின் மனம் ஒன்றியபின் அவர்தம் பேச்சு வேறாகின்றது. பேயொடு பேய் துள்ளுகின்றது எனக் கோயிலுள்ளார் நகாதிருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் கவலை. அதனாற் காவினை நாடுகின்றனர்.

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறம் 28 இதனொடு ஒப்புநோக்கற்பாலது. கூனும் குறளும் அடங்க எண்வகை எச்சங்களை எண்ணி, அப்பிறப்பாற் பயனில்லை என்னும் முன்னோர் கூற்றை அப்பாட்டு எடுத்தாள்கின்றது. ஆண்டுக் குறையுடையார் அரசற்கு அறிவுறுத்தற்குரிய கருவியே. அவர்க்குச் சொல் இல்லை. கலியிலோ அவரே பேசுகின்றனர். தம் நோவினைத் தாமே புலப்படுத்துகின்றனர்.

புலவர் கருதியது எள்ளல் ஒன்றேயாயின் அவ்வேண்டுகோட்கு ஈண்டு இடமில்லை. ஆகலின் இப்பாட்டை நகைக்கு மட்டும் எடுத்துக்காட்டுவார், அவ்விருவரும் அஞ்சி விலகிய கோயிற் கூட்டத்துள் தாமும் ஒருவராய் நிற்கின்றனர். நகைப்பாரை நோக்கியும் பாட்டு ஒரு வினா எழுப்புகின்றது என்பதை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்துதல் கடன்.