'டீலரை அணுகவும்': ஒரு கோளாறு அட்டவணையை வாசித்தல்

டிராக்டர் வாங்கும்போது கூடவே ஒரு கையேடு தருவாங்க. அது சீட்டுக்கு அடியிலயோ பரண்மேலயோ போய்ச் சேரும். யாரும் படிக்கறதில்ல. போன தை மாசம் நான் படிச்சேன், அதுவும் ஒரே ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப: கடைசியில் வரும் கோளாறு அட்டவணை. கோளாறு, காரணம், தீர்வு என்று மூன்று கட்டங்கள். அதுக்கப்புறம் கிடைத்த ஏழெட்டுக் கையேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிராக்டரோ அறுவடை மெஷினோ, எல்லாம் ஒரே வார்ப்பு. லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிற இந்த நூல்வகைக்கு யாரும் விமர்சனம் எழுதியதாகத் தெரியல. அதனால் இந்தப் பதிவு.

முதலில் நல்லதைச் சொல்லிடுறேன். அட்டவணையில் இருக்கிற தகவல் எதுவும் பொய் இல்லை. 'இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை' என்பதற்கு எதிரே டேங்கில் டீசல் இல்லை, ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று, பேட்டரி பலவீனம், நாசில் கோளாறு, கம்ப்ரஷன் குறைவு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். பிரச்சினை அந்த வரிசையில்தான் இருக்கு. பத்து நிமிஷத்தில் பார்த்துவிடக்கூடிய காரணமும், இன்ஜினையே பிரிச்சாதான் தெரியும் என்கிற காரணமும் ஒரே எழுத்தில், ஒரே கனத்தில் நிற்குது. எதை முதலில் பார்க்கணும், ஏன் முதலில் பார்க்கணும் என்று அட்டவணை சொல்வதே இல்லை.

அன்றைக்கு எங்க களத்துமேட்டில் நடந்தது இதுதான். செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி பிடிக்கல. கையேட்டைப் பிரிச்சு முதல் வரியிலிருந்து ஆரம்பிச்சோம். பேட்டரி டெர்மினலைச் சுரண்டினோம், டேங்கைப் பார்த்தோம். ஒரு மணி நேரம் போச்சு. வானம் வேற மூடிக்கிட்டு நின்னுது. கடைசியில் மெக்கானிக்குக்கு போன் போட்டோம். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். "தம்பி, செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா?" வரல. "நேத்து வண்டில என்ன வேலை பார்த்தீங்க?" டீசல் ஃபில்டர் மாத்தினோம். "பழைய வாஷரையே போட்டிருப்பீங்க. காத்து வாங்குது. வாஷரை மாத்திட்டு ஏர் எடுங்க." ஃபில்டரில் ஆரம்பித்து பம்ப் வரைக்கும் காற்றை எடுத்தோம். வண்டி பிடிச்சுக்கிச்சு.

அந்த இரண்டு கேள்வியிலும் இருக்கிற அறிவைக் கவனிங்க. புகை வருதா என்ற கேள்வி, காரணங்களின் பட்டியலை ஒரே வெட்டில் பாதியாக்குது. சுத்தும்போது புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகல. டேங்கிலிருந்து நாசில் வரைக்கும் தேடினால் போதும். புகை வந்தும் பிடிக்கலைன்னா டீசல் போகுது, எரியலை. காற்று, சூடு, கம்ப்ரஷன் பக்கம் திரும்பணும். ஓடுகிற வண்டியிலும் இதே கதைதான். கரும்புகை என்றால் காற்று போதல, அல்லது பாரம் அதிகம். நீலப்புகை என்றால் ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கலைன்னா, டீசல் சரியா எரியலை அல்லது தண்ணீர் உள்ளே போகுது. இரண்டாவது கேள்வி வண்டியின் வரலாற்றைக் கேட்குது. நேற்று வரை ஓடின வண்டி இன்று நின்றால், நடுவில் யார் கை பட்டது என்பதுதான் முதல் தடயம். மூன்று கட்ட அட்டவணையில் 'நேற்று' என்பதற்கு இடமே இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவர்களோடு கூடவே சுற்றி ஆய்வு செய்த ஜூலியன் ஓர், 1996-ல் வெளிவந்த 'டாக்கிங் அபவுட் மெஷின்ஸ்' என்ற நூலில் இதைத்தான் காட்டுகிறார். கம்பெனி கொடுத்த வழிகாட்டி போதாத இடத்தில், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள்தான் பழுதைக் கண்டுபிடிக்க உதவின. நம்ம ஊர் டீக்கடை பெஞ்சிலும் அதுதான் நடக்குது.

அடுத்த குறை, அட்டவணை யாரிடம் பேசுது என்பது. அறுவடை மெஷின் கையேட்டில் 'தானிய இழப்பு' என்ற பகுதியை எடுத்துக்குவோம். விசிறி வேகத்தைக் குறைக்கவும், சல்லடையைச் சரிசெய்யவும், வண்டி வேகத்தைக் குறைக்கவும். எல்லாம் டிரைவருக்குச் சொன்னது. ஆனால் டெல்டாவில் மெஷின் ஒருத்தருடையது, ஓட்டுவது இன்னொருத்தர், நெல் மூணாவது ஆளுடையது. வாடகை மணிக்கணக்கு. அதனால் நெல்லுக்குச் சொந்தக்காரரே வரப்பில் நின்று "சீக்கிரம் ஓட்டுப்பா" என்கிறார். வேகம் கூடினால் உள்ளே போகிற கதிர் அதிகமாகி, சல்லடை தாங்காமல், நெல் வைக்கோலோடு பின்னால் போயிடும். மிச்சம் பிடிச்ச வாடகை கண்ணுக்குத் தெரியும், வயலில் விழுந்த நெல் தெரியாது. அந்த விவசாயிக்கு ஒரு வரியாவது கையேட்டில் இருக்கணுமா இல்லையா?

இருந்திருந்தால் இப்படி இருக்கும். மெஷின் இறங்கும் முன் தரையைப் பாருங்க, தானாக உதிர்ந்தது எவ்வளவு என்று தெரியும். ஓடும்போது நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் பின்னே எடுக்கச் சொல்லுங்க. கத்தி போன இடத்தில் மட்டும் நெல் கூடியிருந்தால் முன்பக்கத்துக் கோளாறு. வைக்கோலில் மணி ஒட்டிக்கொண்டே இருந்தால் அடிப்பு போதல. உதிர்ந்த மணி பின்னால் சிதறிக் கிடந்தால் காற்று அதிகம், அல்லது வேகம் அதிகம். டேங்கில் உடைந்த நெல் தெரிந்தால் டிரம் வேகம் அதிகம், அல்லது இடைவெளி இறுக்கம். இதுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

தமிழ்மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வரி. 'எரிபொருள் உட்செலுத்தி' என்று அச்சடிச்சிருக்கு. வயக்காட்டில் அதுக்கு நாசில் என்று பெயர். படிக்கிறவன் கையில் ஸ்பேனரோடு நிற்கிறான், அகராதியோடு இல்லை.

இதைச் சொன்னதும் மெக்கானிக்கைத் தெய்வமாக்கிடக் கூடாது. வண்டி சூடாகுது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் நம்ம பட்டறைகளில் நிறைய உண்டு. அறுவடை நேரத்தில் உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் அடைஞ்ச தூசும் பதரும்தான். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும். இந்த இடத்தில் கையேடு சொல்வதுதான் சரி. அனுபவம் சில சமயம் தப்பைத்தான் நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும்.

கடைசிக் கட்டத்துக்கு வருவோம். அட்டவணையில் அதிகம் திரும்ப வருகிற தீர்வு 'டீலரை அணுகவும்'. பழைய வண்டிகளில் இதை யாரும் மதிக்கல, மதிக்கத் தேவையும் இருக்கல. இப்போ நிலைமை மாறுது. இந்தியாவில் 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்து, கம்ப்யூட்டர் வைத்த காமன்ரெயில் இன்ஜின்கள் வந்துவிட்டன. அதில் ஏர் எடுக்கிறேன் என்று நாசில் பைப்பைத் தளர்த்தினால், பீய்ச்சும் டீசல் தோலையே துளைக்கும். கோளாறு எண்ணைப் படிக்கவும் கருவி வேணும், அது டீலரிடம் இருக்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாயி தன் மெஷினைத் தானே பழுது பார்க்கும் உரிமைக்கு 2023-ல் சட்டமே போட்டது. இங்கே 2022-ல் மத்திய அரசு அமைத்த பழுதுபார்க்கும் உரிமைக் குழு, விவசாயக் கருவிகளையும் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலோடு நிற்காமல் இருக்கணும்.

ஏன்னா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டாங்க. டீலர் ஆள் நாளைக்கு வருவார், மழை இன்றைக்கே வந்துடும். நல்ல கையேடு என்பது அந்த ஒரு நாளை மிச்சப்படுத்துவது. இப்போதைக்கு நான் அட்டவணையின் மேல் பேனாவால் இரண்டு கேள்வி எழுதி வச்சிருக்கேன்: புகை வருதா? நேத்து என்ன வேலை பார்த்தோம்?