அஞ்ஞாதவாசத்தின் விதிகள்

மகாபாரதத்தில் இரண்டாம் முறை சூதாடியபோது வைத்த பந்தயத்தை ஓர் ஆட்டத்தின் விதியாகப் படித்துப் பாருங்கள். தோற்றவர்கள் 12 ஆண்டு காட்டில் இருக்க வேண்டும். 13-ஆம் ஆண்டை ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், இன்னார் என்று தெரியாமல் கழிக்க வேண்டும். தெரிந்துவிட்டால் மறுபடியும் 12 ஆண்டு காடு. கால வரம்பு, இட வரம்பு, தண்டனை எல்லாம் சொல்லியாகிவிட்டது. பிடிபட்டார்களா இல்லையா என்று யார் தீர்ப்புச் சொல்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. விராட பருவத்தின் பாதி வம்பு அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிற கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், இந்தக் கதையைப் புத்தகம் திறந்து படிக்காதவர்களுக்கும் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி கோயிலை இந்த வழிபாட்டின் ஆதிக் கோயில் என்பார்கள். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988-ல் வெளியிட்ட முதல் தொகுதி செஞ்சியில் தொடங்கிக் குருக்ஷேத்திரம் வரை போகிறது. தெருக்கூத்தைப் பற்றிய ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் நூல் 1990-ல் வந்தது. அவர்கள் தேடியது சடங்கையும் நாடகத்தையும். இங்கே என் அக்கறை அதைவிடச் சின்னது: ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்பதை ஓர் ஆட்டம் எப்படிக் கணக்கில் கொள்கிறது?

இதே கேள்வியோடு அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டிவரும் ஆட்டம் ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். காவலாளி, பூதம், ராஜா எல்லாருக்கும் அவர்தான் வாய். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும்.

1975-ல் வந்த இணைப்பு நூலில் திருடன் வேடம் சேர்ந்தது. 1978-ல் வந்த கையேட்டின்படி, வேறு சலுகை எதுவும் இல்லாத தொடக்கநிலைத் திருடன் நிழலில் மறைய 10 சதவீத வாய்ப்பு, ஓசைப்படாமல் நடக்க 15 சதவீதம். தனித்தனியாக உருட்டினால் இரண்டும் ஒருசேரக் கைகூட நூற்றுக்கு ஒன்றரைதான். இந்தத் திருடனை நம்பி ஒரு வாழைத்தார் திருடக்கூடப் போக முடியாது. எதிரே நிற்பவன் தூங்கி வழிகிறானா, கழுகுக் கண்ணனா என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அதைச் சரிசெய்தது. ஒளிபவன் ஒரு பகடை, காவலாளி ஒரு பகடை, பெரிய எண் ஜெயிக்கும். 2008-ல் மறைவதும் ஓசையடக்குவதும் ஒரே திறமையாயின. புத்தகம் வந்த சூட்டோடு அந்த விதிக்கே திருத்தம் போட வேண்டி வந்தது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒளியத் தோதான இடமா என்பதைக் கதை நடத்துபவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. எனக்குப் பிடித்த பதில் இதுதான்.

இன்னும் நுணுக்கமாகப் போனது 2019-ல் வந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு. எதிரியின் பார்வையில் ஒருவனுக்கு நான்கு நிலைகள். கண்ணுக்குத் தெரிபவன் ஒன்று. உருவம் தெரியாவிட்டாலும் இருக்குமிடம் தெரிகிறவன் இரண்டு. எங்கோ இருக்கிறான், எங்கே என்று தெரியாதவன் மூன்று. அப்படி ஒருவன் இருப்பதே தெரியாதவன் நான்கு. துரியோதனனுக்குப் பாண்டவர்கள் அந்த ஆண்டு முழுக்க மூன்றாம் நிலை. ஒற்றர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். விராடனின் மைத்துனன் கீசகன் செத்த செய்தி வந்ததும் அது இரண்டாம் நிலையை நோக்கி நகர்கிறது. அவனைக் கையாலேயே பிசைந்து கொல்லக்கூடியவன் யார்? நம் பிரசங்கியார்கள் சொல்கிற பாரதத்தில் துரியோதனன் பீமனை யூகிப்பது இந்த இடத்தில்தான்.

ஒளிந்தவன் கைநீட்டினால் மறைவு கலையும் என்பது மேசை ஆட்டத்திலும் பழைய விதி. மாயமாக்கும் மந்திரம் போட்டுக்கொண்டவன் ஒரு அடி அடித்தால் மந்திரம் தீர்ந்தது. 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில், முணுமுணுப்பை மிஞ்சிச் சத்தம் போட்டாலும் மறைவு போய்விடும். விராடனின் மாடுகளைக் கௌரவர்கள் கவர வருகிற மாடுபிடி சண்டையில், பிருகந்நளையாக ஒளிந்திருந்தவனின் தேரொலி, சங்கொலி, வில்லின் நாணொலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டே துரோணர் அர்ச்சுனனைக் கண்டுகொள்கிறார்.

பீஷ்மர் சொன்ன அடையாளம் இதைவிட வியப்பானது. தருமன் இருக்கிற நாட்டில் பருவம் தவறாமல் மழை பெய்யும், பயிர் விளையும், பசு நிறையப் பால் கொடுக்கும்; அப்படிப்பட்ட நாட்டில் போய்த் தேடுங்கள் என்கிறார். முகத்தை மறைக்கலாம், தான் இருப்பதால் ஊருக்கு வரும் நன்மையை எப்படி மறைப்பது? வானம் பொய்த்தால் விராட பருவம் வாசிக்கச் சொல்லும் நம் வழக்கத்தின் வேர் இந்தப் பேச்சில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த நுட்பத்துக்கு ஈடான ஒரு விதியை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

பாண்டவர்களுக்கு மந்திரமும் இருந்தது. நச்சுப்பொய்கைக் கரையில் தருமதேவன் தந்த வரத்தின்படி, சொந்த உருவத்தோடே திரிந்தாலும் அந்த ஆண்டில் அவர்களை யாருக்கும் அடையாளம் தெரியாது. இருந்தும் தருமன் கங்கனாகிறான், பீமன் மடைப்பள்ளிக்குப் போகிறான், ஆயுதங்கள் வன்னிமரம் ஏறுகின்றன, யாரும் கிட்டே வராதபடி மரத்தில் ஒரு பிணத்தையும் கட்டிவைக்கிறார்கள். வரத்தை நம்பி வேலையை விடவில்லை. 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறது என்பது என் குறை. தடுப்புக்குப் பின்னால் பதுங்கி, பகடையும் திறமையும் சேர்ந்து 15 எடுத்தவனுக்கும், மந்திரத்தால் மாயமானவனுக்கும் அங்கே ஒரே பெயர், ஒரே நிலை. பதுங்கியவனைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று பிறகு பிரித்தாலும், பெயரில் வந்த குழப்பம் தீரவில்லை.

மந்திரத்தால் மறைபவனுக்கு நம் உதாரணம் இந்திரஜித்து. மேகத்துக்குள் இருந்து அம்பு விட்டுக்கொண்டே இருப்பான்; அடித்ததும் மறைவு கலைகிற விதி அவனிடம் செல்லாது. மேசை ஆட்டத்தில் இதற்கென்று மேல்நிலை மந்திரம் ஒன்று தனியாக உண்டு. மாற்று மருந்தும் உண்டு: வனபருவத்தில் வருகிற ராமன் கதையில், மறைந்திருப்பவர்களைக் காட்டும் நீரைக் குபேரன் அனுப்புகிறான், ராமனும் மற்றவர்களும் அதில் கண்ணைக் கழுவிக்கொள்கிறார்கள்.

இவ்வளவு விதிக்கும் அடியில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தூணுக்குப் பின்னால் யார் என்று தெரியும். அவர் ஏற்ற வேடத்துக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரியாததுபோல ஆட வேண்டும். கூத்து இதற்கு விதி எழுதாமலே வழி கண்டிருக்கிறது. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். பின்னால் வேடம் நின்று பாடுகிறது, கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும் தெரிகின்றன. திரை விலகும்வரை அவர் வந்ததாகக் கணக்கில்லை. கட்டியங்காரன் மட்டும் சபைக்கும் வேடத்துக்கும் நடுவே போய்வருவான். சபையில் குந்தியிருக்கும் பிள்ளைக்கும் இது சொல்லாமலே புரிகிறது.

இனி நடுவர் விஷயம். அர்ச்சுனன் வெளிப்பட்டதும், கெடு முடியவில்லை, இன்னொரு 12 ஆண்டு போகட்டும் என்கிறான் துரியோதனன். பீஷ்மர் கணக்குப் போடுகிறார்: 5 ஆண்டுக்கு 2 மாதம் கூடும், அப்படிப் பார்த்தால் 13 ஆண்டுக்கு 5 மாதமும் 12 இரவும் அதிகமாகவே கழிந்துவிட்டன. தீர்ப்புச் சொன்னவர் எதிரணிப் படையில் நின்றவர். தீர்ப்பும் எதிரணிக்குச் சாதகமாக இல்லை. துரியோதனன் அதை ஏற்கவில்லை. பகடையையும் கையேட்டையும் எத்தனை முறை திருத்தினாலும், நடுவரை மதிக்காத ஆட்டக்காரனுக்கு மேசை ஆட்டத்திலும் மருந்து கிடையாது.

இன்று நம் நகரங்களில் இந்த ஆட்டத்தை ஆடும் இளைஞர்கள் ஆங்கிலக் கையேடும் பூதமும் எல்ஃபுமாகத் தொடங்குகிறார்கள். அதில் தப்பில்லை. அடுத்த கோடையில் செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஏதாவது ஊரில் பாரதக் கொடி ஏறினால், கீசகன் வதைக்கும் மாடுபிடி சண்டைக்கும் இரண்டு ராத்திரி போய் உட்காருங்கள். பகல் பிரசங்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பீஷ்மரின் மழைப் பேச்சைக் கேட்க அதுதான் இடம்.