லூயிஸ், டோல்கீன், கிம் டேவிஸ்: ஒரு தீர்ப்பும் நம் பதில்களும்

2015 ஜூன் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தன்பாலினத் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. நான் அப்போது ஆன்சைட்டில், நியூ ஜெர்சியில் இருந்தேன். அந்த ஞாயிறு எங்கள் தமிழ் சபையில் பிரசங்கம் சோதோம் கொமோரா பற்றி. நானும் ஆமென் சொன்னவன்தான். போதாததற்கு, சபைச் செய்திமடலுக்கு "நாம் என்ன செய்ய வேண்டும்" என்று இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தேன். இதில் வேடிக்கை, நாங்கள் இருந்த நியூ ஜெர்சியில் 2013 அக்டோபரிலிருந்தே அது சட்டம். அந்த ஒன்றரை வருடத்துக்கு மேல் எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை!

சமீபத்தில் அந்த இரண்டு பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தீர்ப்பைப் படிக்காமலே எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. வழக்கு எதைப் பற்றியது என்றுகூட அதில் இல்லை.

வழக்கு ஒரு இறப்புச் சான்றிதழைப் பற்றியது. ஒஹாயோவில் ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் என்ற இருவர் இருபது வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு ஏ.எல்.எஸ். நோய், படுத்த படுக்கை. 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றில் மேரிலாந்து போய், பால்டிமோர் விமான நிலையத்தின் ஓடுபாதைப் பக்கம் நின்ற விமானத்துக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டு திரும்பினார்கள். அக்டோபரில் ஆர்தர் இறந்தார். சான்றிதழில் 'உயிரோடிருக்கும் துணை' என்ற இடத்தில் தன் பெயர் வேண்டும் என்பதுதான் ஓபர்கெஃபெல் கேட்டது. ஒஹாயோ சட்டம் அதை ஏற்கவில்லை. மற்ற மாநிலங்களின் வழக்குகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது அப்புறம் நடந்த கதை.

இதில் சபையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டது அரசின் பதிவேட்டை. ஆனால் நாங்கள் பதில் சொன்னது ஏதோ எங்கள் பலிபீடத்தைப் பிடுங்க வந்துவிட்டார்கள் என்பதுபோல. கோடு எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான பிழை. ஒரே பெயரில் இரண்டு வேரியபிள். ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறிவிட்டதாக நினைத்துப் பதறுவோம். 'திருமணம்' என்ற ஒரே சொல்லை அரசும் சபையும் வைத்திருப்பதால் வந்த குழப்பம் இது.

இதை எழுபது வருடத்துக்கு முன்பே சி.எஸ். லூயிஸ் பார்த்துவிட்டார். 'கிறிஸ்டியன் பிஹேவியர்' என்று 1943-ல் சின்னப் புத்தகமாக வந்து, பிறகு 'மியர் கிறிஸ்டியானிட்டி'யில் சேர்ந்த பகுதியில், விவாகரத்துச் சட்டம் பற்றிப் பேசுகிறார். திருமணம் இரண்டு வகையாக இருக்கட்டும் என்கிறார்: அரசு நடத்துவது ஒன்று, தன் உறுப்பினர்மேல் சபை தன் விதிகளைச் சுமத்தி நடத்துவது இன்னொன்று. முஸ்லிம்கள் எல்லோரையும் மது குடிக்க விடாமல் தடுத்தால் தனக்குக் கோபம் வரும், அப்படியானால் கிறிஸ்தவர் மட்டும் தன் விதியை எல்லோர்மேலும் எப்படிப் போடலாம் என்று கேட்கிறார். நேர்த்தியான வாதம். நம்மில் கொஞ்சம் தாராளமானவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்து வீசுகிறோம்.

ஆனால் அவருடைய நண்பர் டோல்கீன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பதில் கடிதம் ஒன்று எழுதத் தொடங்கி அனுப்பாமலே விட்டார். அந்த வரைவு அவரிடமிருந்த லூயிஸ் புத்தகத்துக்குள்ளேயே செருகியிருந்தது. மது விலக்கு உவமை பொருந்தாது என்பது அவர் வாதம். கிறிஸ்தவத் திருமணம் ஒரு கிளப்பின் உள்விதி அல்ல, மனிதன் எல்லோருக்கும் அதுவே சரியான வழி என்று நம்புகிறவன், மற்றவர்களுக்கு வேறு வழி என்று எப்படிக் கையைக் கழுவ முடியும்? ஒரே ஜோடி பாதிரியார் முன் ஒரு தடவை, அரசு அதிகாரி முன் ஒரு தடவை என்று இரண்டு தடவை மணம் செய்துகொண்டதைப் பார்த்து அருவருத்துப் போனதையும் சொல்கிறார்.

எனக்கென்னவோ, வாதம் என்ற அளவில் டோல்கீன் கைதான் ஓங்கியிருக்கிறது. லூயிஸ் சொல்வது வசதியான ஏற்பாடு, அவ்வளவே. ஆனால் டோல்கீன் பக்கம் நிற்க ஒரு விலை உண்டு. அவர் அந்த விலையைக் கொடுத்தவர். விவாகரத்தையும் அதே மூச்சில் எதிர்த்தார். அமெரிக்க சுவிசேஷ சபைகள் கொடுத்தார்களா?

மத்தேயு 19-ல் இயேசுவிடம் கேட்கப்பட்ட கேள்வியே விவாகரத்து பற்றித்தான். பதில் எவ்வளவு கறாரானது என்று நமக்குத் தெரியும். யார்மேலும் குற்றம் நிரூபிக்காமல் விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்தில் கலிஃபோர்னியா ஆளுநராகக் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன், 1969-ல். அவரே ஒரு தடவை விவாகரத்தானவர். 1980-ல் அவரை ஜெயிக்க வைக்க ஓடியாடியவர்களில் சுவிசேஷகர்கள் முன்வரிசை. எதிரே நின்றது யார்? ஞாயிறு பள்ளி நடத்துகிற பாப்டிஸ்ட் ஜிம்மி கார்ட்டர்.

கிம் டேவிஸ் விஷயத்துக்கு இப்போது வரலாம். கென்டக்கியின் ரோவன் கவுன்டி எழுத்தர். தீர்ப்புக்குப் பிறகு யாருக்குமே திருமண உரிமம் தர மாட்டேன் என்று நிறுத்தினார். நீதிமன்ற அவமதிப்புக்காக 2015 செப்டம்பரில் ஐந்து நாள் சிறை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் நவீன தானியேல். அவர் நான்கு தடவை மணம் செய்தவர் என்று எதிர்த்தரப்பு கேலி செய்தது. அது நியாயமில்லை, பெரும்பகுதி அவர் மனந்திரும்புவதற்கு முன் நடந்தது. என் கேள்வி வேறு. அதே மேசையிலிருந்து விவாகரத்தானவர்களின் மறுமணத்துக்கும் உரிமம் போய்க்கொண்டுதானே இருந்தது? சட்டம் அதை விலக்கவில்லை. அதில் உறுத்தாத மனசாட்சி இதில் மட்டும் உறுத்தியது என்றால், உறுத்தியது வேதம்தானா?

சரி, பிரச்சினை எப்படித் தீர்ந்தது தெரியுமா? 2016-ல் கென்டக்கி சட்டமன்றம் படிவத்திலிருந்து எழுத்தரின் பெயரை எடுத்துவிட்டது. ஒரு ஃபார்மில் ஒரு ஃபீல்டு!

பயப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொலராடோ கேக் கடைக்காரர் ஜாக் பிலிப்ஸ் ஆறு வருடம் வழக்கோடு அலைந்தார். 2018-ல் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது, அதுவும் மாநில ஆணையம் அவர் மதத்தை இகழ்ச்சியாக நடத்தியது என்ற குறுகிய காரணத்தில். ஆனால் போதகர்களைக் கட்டாயப்படுத்துவார்கள் என்று நான் அந்த இரண்டு பக்கத்தில் எழுதியது நடக்கவில்லை. 2022 டிசம்பர் சட்டம், மத அமைப்புகள் இத்தகைய திருமணத்துக்கு இடமோ சேவையோ தர வேண்டியதில்லை என்று எழுத்திலேயே சொல்கிறது.

இன்னொன்று. 'கிறிஸ்தவ அமெரிக்கா'வின் மூதாதையர் என்று கொண்டாடப்படும் பிளிமத் யாத்ரிகர்கள் திருமணத்தை ஆலயக் காரியமாகவே வைக்கவில்லை. அந்தக் குடியேற்றத்தின் முதல் திருமணம் 1621 மே மாதம், எட்வர்ட் வின்ஸ்லோவுக்கும் விதவையான சூசன்னா ஒயிட்டுக்கும். நடத்தியவர் போதகர் அல்ல, ஆட்சியாளர். டச்சுக்காரர்களிடம் கற்ற வழக்கம். திருமணம் உலகக் காரியம் என்று லூத்தரே சொன்னவர்தான். பிளிமத் இன்று இருப்பது மாசசூசெட்ஸில், 2004-ல் தன்பாலினத் திருமணத்தை முதலில் அனுமதித்த மாநிலத்தில்.

நம் ஊர் நிலைமை தலைகீழ். 1872-ம் வருட கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஆலய ரெஜிஸ்டரே சட்டப் பதிவு. ஓலை வாசித்து, கையெழுத்து வாங்கி, பாஸ்டரே அரசு வேலையையும் செய்துவிடுகிறார். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குக் கண் பழகவில்லை. 2023 அக்டோபர் 17-ல் நம் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை மறுத்துவிட்டது, ஆகவே இங்கே கேள்வி இப்போதைக்கு ஒத்திப்போயிருக்கிறது. ஆனால் பிரசங்கங்கள் மட்டும் அமெரிக்காவிலிருந்து அப்படியே இறக்குமதி.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில், வெளியே உள்ளவர்களைத் தீர்ப்பது தன் வேலையல்ல என்கிறார். லூயிஸ் பக்கத்தார் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களைப் பற்றித்தான் அவர் தொடர்கிறார். சிக்கலே அங்கேதான் எனக்கு. என் சபையின் திருமண விதியை மாற்று என்று நான் கேட்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் தன்பால் ஈர்ப்புள்ளவனிடம் நம்மிடம் சொல்ல என்ன இருந்தது? 'ஜெபித்தால் மாறும்' என்பதுதான். அதையே 37 வருடம் சொல்லிவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 2013-ல் மன்னிப்புக் கேட்டு இழுத்து மூடப்பட்டது, தீர்ப்புக்கு இரண்டு வருடம் முன்பே. என் இரண்டு பக்கத்தில் அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அந்த ஞாயிறு கீபோர்டு வாசித்த தம்பி ஒருவன் எங்கள் சபையில் இருந்தான். பிரசங்கம் முடிந்து கடைசிப் பாட்டையும் வாசித்துவிட்டுத்தான் போனான். பிறகு வரவில்லை. வேலை மாறிவிட்டான் என்று பேசிக்கொண்டோம். 2019-ல் எனக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது: "அண்ணா, சிட்டி ஹாலில் கல்யாணம், நீங்களும் அக்காவும் கண்டிப்பா வரணும்." லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். லீவு இருந்தது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியதுகூட இல்லை, போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். இதை அவனுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.