மாத்திரை வாசலுக்கு வந்த பிறகு

வீடு தேடி மாத்திரை தரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை. 2024இல் கிடைத்த ஐ.நா. பணிக்குழு விருது தகுதியானதுதான்.

ஆனால் கழுத்து ரத்தக்குழாயில் படியும் கொழுப்பை வைத்துப் பார்த்தால் திட்டத்தின் ஓட்டை தெரிகிறது. வீடு வீடாக வரும் தன்னார்வலரின் பையில் பி.பி. கருவியும் சுகர் பார்க்கும் கருவியும் இருக்கின்றன. கொழுப்பளவுக்கு ஆய்வகம் போக வேண்டும். அந்தப் படிவு வலிக்காது. ஒருநாள் ஒரு கண் திரை விழுந்தாற்போல் மங்கும், வாய் குழறும், கையிலிருந்து ஸ்பேனர் நழுவும். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுவதால் நைட் ஷிஃப்ட் அசதி என்று விட்டுவிடுகிறார்கள். பக்கவாதத்தின் முன்னறிவிப்பு அது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதற்காக எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கச் சொல்வது வீண்செலவு. நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கும் புகைப்பவருக்கும் கொழுப்புப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை கொடுப்பதே பயன்தரும். ஸ்டாடின் படிவைக் கரைத்து எடுத்துவிடாது. படிவு வெடிக்காதபடி இறுக்கி வைக்கும். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு வந்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே தரும் 14 மாத்திரைகளில் அட்டோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினும் உண்டு. அதே மருந்து, மாரடைப்பு வருவதற்கு முன்பே பல வருடம் தினமும் போய்ச் சேர வேண்டியவர்கள் இங்கே ஏராளம்.

இன்னொரு குறை, நேரம். பகலில் தன்னார்வலர் கதவைத் தட்டும்போது சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஷிஃப்டில் இருப்பார், அல்லது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார். வாடகை அறையில் தங்கும் காண்ட்ராக்ட் ஆட்கள் அடிக்கடி இடம் மாறுகிறார்கள். 2024இல் வந்த தொழிலாளர்களுக்கான திட்டம் இதை உணர்ந்த முயற்சி. ஆனால் அரசு பெருமையாகச் சொல்வது கோடிக்கணக்கான பயனாளிகளை. எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதே உண்மையான அளவுகோல்.

மாத்திரை மட்டும் போதாது. பீடியும் ஹான்ஸ் புகையிலையும் தொடர்ந்தால் ஸ்டாடினின் உழைப்பில் பாதி வீண். டாக்டர் எழுதிய கொழுப்பு மாத்திரையை, ரிப்போர்ட் நார்மல் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். அட்டோர்வாஸ்டாடினை ராத்திரிதான் போட வேண்டும் என்பதில்லை, ஷிஃப்டுக்கு ஏற்ற நேரத்தில் தினமும் போடுங்கள்.